சாமி சிரித்த கால்சட்டை

தாய்லாந்தின் தெற்கே இருக்கும் திராங் ஊரில் ஒரு நாளைக்கு ஒன்பது வேளை சாப்பிடுவார்கள். அந்த ஊர்க்காரர்களே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதால் குறைத்துச் சொல்ல வழியில்லை. யாராவது எட்டு வேளையோடு நிறுத்திக்கொண்டால், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்க வருவார்கள். விசாரித்த களைப்புக்கு அங்கேயே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த ஊரில், ரயிலடிக்குப் போகும் தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தார் கோ குவாங். 'கோ' என்றால் அண்ணன். வயதில் மூத்த எந்த ஆணுக்கும், புருஷனுக்கும்கூட, அங்கே அதுதான் பட்டம். தொந்தி இருந்தால் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். ரப்பர் விளைகிற சீமை என்பதால் கடை முழுக்க ரப்பர் மெத்தை, ரப்பர் தலையணை. வருகிறவர்களுக்கு மெத்தையில் படுத்துக் காட்டுவது கடைக்காரரின் கடமை. கோ குவாங் படுத்துக் காட்டிவிட்டு எழுந்திருப்பதற்குள் வந்தவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். வாசலோர மெத்தை ஒன்று அவருடைய உடம்பின் அச்சை அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டது. தள்ளுபடி விலையில் அதை எடுத்துப்போன பள்ளிக்கூட வாத்தியார் மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்.

"இதுல ஏற்கெனவே யாரோ படுத்திருக்காங்க கோ. ராத்திரியில என்னை ஓரத்துக்குத் தள்ளுறாங்க."

கோ குவாங் மெத்தையை இருந்த இடத்திலேயே போடச் சொல்லி, அதில் படுத்துக்கொண்டார்.

அவருக்கு இருந்தது களைப்பு. தூங்கினால் தீருகிற களைப்பு இல்லை. காலையில் அவரோடு கூடவே எழுந்து, கூடவே பல் தேய்த்து, கூடவே கடைக்கு வந்து உட்காரும் களைப்பு. மாடிக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலே மூச்சு வாங்கும். முதல் படியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போய்வந்த கணக்காக வைத்துக்கொள்வார். கீழே விழுந்த ரசீதைக் குனிந்து எடுப்பதைவிட அந்த வியாபாரத்தை மறந்துவிடுவது சுலபம் என்று தோன்றும்.

இத்தனைக்கும் போன வருஷம் அவர் நன்றாகத்தான் இருந்தார். நன்றாக ஆனதற்கும் ஒரு காரணம் இருந்தது, கெட்டுப்போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டும் அவருடைய மனைவி அம்பன்தான்.

அம்பன் திட்டுவதில் பேர்போனவள். மாடி ஜன்னலில் நின்றபடி அவள் "கோ!" என்று ஆரம்பித்தால் ரயிலடியில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வரிசையில் நிற்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருமுறை நேரில் வந்து, வண்டி வரும் நேரங்களில் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார். பன்றி இறைச்சியைக் குறை, கட்டிப்பால் காபியை விடு, நட, நிமிர், மெல்லு, பிறகு விழுங்கு. நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் குரல்தான் கோ குவாங்கின் உடம்பை ஒரு அளவில் நிறுத்தி வைத்திருந்தது. அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டதாக நினைவில்லை. மழைச் சத்தத்தை யார் கேட்கிறார்கள்?

அப்புறம் அம்பனின் இதயத்தில் ஒரு வால்வு பழுதாயிற்று. பக்கத்துப் பெரிய ஊரான ஹாட்யாய் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும், கோ குவாங் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு முகச் சாமியை நினைத்துக்கொண்டார். ஏதாவது நேர்ந்துகொள்ள வேண்டும். பன்றித் தலை, ஆரஞ்சுப் பழம், பொம்மலாட்டம் எல்லாம் ஊரே கொடுப்பது, சாமிக்கு அலுத்திருக்கும். வேறு என்ன கொடுப்பது என்று யோசிக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"சாமி, அவளைத் திருப்பிக் குடுத்துடு. அடுத்த வருஷம் உன் பிறந்தநாளுக்குள்ள, கல்யாணத்தன்னிக்கு எந்தத் துணியில வந்து உன்னைக் கும்பிட்டோமோ, அதே துணியில ரெண்டு பேரும் வந்து நிக்கிறோம்."

அந்தத் துணி அலமாரியில் சும்மாதானே தொங்குகிறது, ஒரு பாட் காசுகூடச் செலவில்லாத வேண்டுதல் என்று, அந்த நிலைமையிலும் அவருக்குள்ளிருந்த வியாபாரி திருப்திப்பட்டான்.

சாமி தன் பங்கை அன்றைக்கே முடித்துவிட்டது. அம்பன் பிழைத்து வந்தாள். அம்பனின் கல்யாணத் துணி அவளுக்கு இன்றைக்கும் பொருந்தும், கவலையில்லை. வீட்டுக்கு வந்த அன்று கோ குவாங் அலமாரியைத் திறந்து கல்யாணக் கால்சட்டையை வெளியே எடுத்தார். காபிக் கொட்டை நிறத்தில் பெல்பாட்டம். கீழே இரண்டு குடை விரித்த அகலம். மேலே குடைக் காம்பு அளவுக்கு இடுப்பு. இதற்குள் ஒரு காலத்தில் ஒரு மனிதன் முழுதாக இருந்தான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கால்சட்டை முழங்காலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் வர அதற்கு விருப்பமில்லை.

வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாதவனிடமிருந்து, கொடுத்ததைச் சாமி திருப்பி எடுத்துக்கொள்ளும். அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிறைவேறும் முன்பு வேண்டுதலை வெளியே சொன்னால் அது செல்லாது என்பதும் கோ குவாங்குக்குத் தெரிந்த விஷயம். ஆகவே அம்பனிடம் மூச்சு விடாமல் பூங்காவுக்கு நடந்தார். காலையில் வாட்டிய பன்றி இறைச்சியை நிறுத்தினார். காபியில் கட்டிப்பாலை நிறுத்தினார். கஞ்சியும் கீரையுமாகச் சாப்பிட்டார். குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் குளத்து ஆமைகளுக்கு அவருடைய முகம் பழகி, வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கரையேறிப் பார்த்தன. கால்சட்டை முழங்காலைத் தாண்டியது. தொடையைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது. பொத்தானும் துளையும் தூரத்திலிருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் நாளும் வந்தது.

அப்போதுதான் மழைக்காலம் தொடங்கியது.

ஒரு நாள் மழையால் போகவில்லை. மறுநாள் மழை இல்லை. ஆனால் நேற்றுப் போகாதவன் இன்று மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று ஒரு அலுப்பு. இப்போது மாடியிலிருந்து அந்தக் குரல் வரும் என்று அவர் காத்திருந்தார். "என்ன கோ, காலை வாடகைக்கு விட்டாச்சா?" என்று கேட்கும். கேட்டால் முனகிக்கொண்டே செருப்பைப் போட்டுவிடலாம். குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அம்பன் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சோறு போடுவாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள், மழை வருகிறது என்பாள். அவ்வளவுதான். செத்துப் பிழைத்து வந்தவளுக்கு இனி இந்தக் கிழவன் எப்படிப் போனால் என்ன என்று ஆகிவிட்டது போல, என்று கோ குவாங் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்த அன்றிலிருந்துதான் களைப்பு அவரோடு சேர்ந்து பல் தேய்க்க ஆரம்பித்தது.

அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் காலையில் வாட்டிய பன்றி இறைச்சி ஒரு பொட்டலம் வாங்கிவந்து அவள் எதிரிலேயே பிரித்தார். தோல் மொறுமொறுவென்று வாயில் உடையும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அம்பன் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"விக்" என்றது அவள் தொண்டை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. விக்கல்."

இன்னொரு துண்டு எடுத்தார். இன்னொரு விக்கல். மறுநாள் மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் இறைச்சிக் கொழுக்கட்டையும் சேர்த்து வாங்கினார். விக்கல்கள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டிப்பால் ஊற்றும்போது மட்டும் பெரிதாக ஒன்று. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து, அவளை ஹாட்யாய்க்குக் கூட்டிப் போனார். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், திரையில் பார்த்தார். "புதுக் கடிகாரம் மாதிரி ஓடுது. தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க" என்றார். கோ குவாங் நம்பவில்லை. டாக்டருக்கு இதயத்தைப் பற்றித் தெரியும். கால்சட்டையைப் பற்றி என்ன தெரியும்? சாமி கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்க ஆரம்பித்துவிட்டது. பிறந்தநாளோ நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பயம் ஒருவனைத் தெருவில் தலைதெறிக்க ஓட வைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கோ குவாங்கை அது படுக்க வைத்தது. பயமும் ஒரு பாரம்தானே. அதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் சாயங்காலம் பூங்காவுக்குப் போனார். ஆறு மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்வதுபோலக் கிளம்புவார். ஆறடித்ததும், அந்த நாட்டு வழக்கப்படி, ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடுகிறவன், நடக்கிறவன், கை கால் வீசி ஆடுகிற பெண்கள் கூட்டம், எல்லோரும் அப்படியப்படியே நிற்பார்கள். கோ குவாங்கும் ஓட்டக்காரர்களுக்கு நடுவில் போய் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரம் அவரையும் அவர்களையும் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. நிற்பதில் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. கீதம் முடிந்ததும் அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஓடுவார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். வழியில் அவித்த கடலை வாங்குவார்.

சாமியின் பிறந்தநாள் அடுத்த வாரம்தான் என்ற நிலையில் கோ குவாங் கால்சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு தையல்காரி சுய் கடைக்குப் போனார். ஊரே அவளை ஜே சுய் என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடும். அவள் கால்சட்டையை உதறி விரித்தாள். தையல் மிஷின் மறைந்துபோயிற்று.

"கோ, இது பேண்ட்டா, பாராசூட்டா?"

"கல்யாணப் பேண்ட்டு. இடுப்புல கொஞ்சம் துணி வெச்சு விடணும்."

"கொஞ்சமா?" அவள் அளவு நாடாவை அவர் இடுப்பைச் சுற்றி வீசினாள். நாடா மறுபக்கம் வந்து சேரவில்லை. "கோ, மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டுத்தான் நிக்கிறேன்."

"ஐயோ. அப்ப வெளிய விட்றாதீங்க, கடை சின்னது." இரண்டு நாடாவை முடிந்து அளவெடுத்தாள். "இந்தக் கலர்ல துணிக்கு எங்க போறது? இந்தக் கலரைப் போட்டவங்கல்லாம் போய்ச் சேந்துட்டாங்க."

"நான் கொண்டாந்திருக்கேன்." பையிலிருந்து மெத்தை உறைத் துணி எடுத்தார். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது.

சுய் துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"கல்யாணப் பேண்ட்டைப் பெருசாக்கறீங்க. சும்மாவா? சொல்லுங்க, ஜே அம்பன்கிட்ட சொல்லமாட்டேன்."

"சுய், நீ தையி."

"தைக்கிறேன். தைக்கிறப்ப வாய் சும்மாதானே இருக்கு, அதான் கேக்கிறேன்."

சொல்லமாட்டேன் என்ற அவளுடைய வாக்கு, மறுநாள் கோ குவாங் தைத்த கால்சட்டையோடு கோவில் தெருமுனையைத் திரும்பும் வரைக்கும் உறுதியாக இருந்தது.

அவர் நேராகக் கோவிலுக்குப் போனார். சாயங்காலம் தொடங்கும் நேரம். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பே ஹொக் வாசல் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். 'பே' என்பது பெரியப்பா. அவர் எல்லோருக்கும் பெரியப்பா. அவருடைய வயது கோவில் வயதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று சொல்வார்கள். கோ குவாங் பெரிய முரசுக்குப் பின்னால் போய்க் கால்சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். முன்னாலும் பின்னாலும் காபிக் கொட்டை நிறம். இரண்டு விலாவிலும் மெத்தை. நடந்தால் கீழே இரண்டு குடைகள் தரையைப் பெருக்கின.

பலிபீடத்தின் முன்னால் மண்டியிட்டார். அங்கே சிவப்புச் சாயம் பூசிய இரண்டு பிறைக் கட்டைகள் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குமிழ். கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டை ஒன்று குமிழ் என்று விழுந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் குமிழ் என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறது.

"சாமி, இதுவும் அதே பேண்ட்டுதான். இதைப் போட்டுட்டு வந்தா ஏத்துப்பியா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் தட்டை.

"சிரிக்குது" என்றார் பே ஹொக், கண்ணைத் திறக்காமல்.

கோ குவாங் மறுபடியும் போட்டார்.

"இன்னும் சிரிக்குது."

மூன்றாம் முறை கட்டைகள் கொஞ்ச நேரம் தரையில் ஆடி, யோசித்து, மறுபடியும் இரண்டு தட்டையாகப் படுத்தன. காற்றே இல்லை, ஆனாலும் எண்ணெய் விளக்கின் திரி குலுங்கியது. பே ஹொக் இப்போது கண்ணைத் திறந்துவிட்டார்.

"இது இப்படி விடாம சிரிச்சு நான் பாத்ததில்லடா குவாங். அப்படி என்ன கேட்டே? திரும்பு பாக்கலாம்." திரும்பினார். "சரிதான்" என்றார் பே ஹொக். "அது மேல தப்பில்ல."

"ஒல்லியா ஒரு ஆளைக் கூலிக்குப் பிடிச்சு, எனக்குப் பதிலா அவன் இதைப் போட்டுட்டு வந்தா? கூத்துன்னு நேந்துக்கிட்டவங்க ஆள் வெச்சுத்தானே ஆடுறாங்க பே?"

"என்னை ஏன் கேக்கிறே? அதைக் கேளு."

கேட்டார். இரண்டும் குமிழாக விழுந்தன. விளக்குத் திரிகூட அசையவில்லை.

கோ குவாங் கட்டைகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார். முழங்கால் வலித்தது. முதுகு வலித்தது. தையல் இடுப்பை அறுத்தது. அவர் உண்மையில் கேட்க வந்த கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது: அவளைத் திருப்பி எடுத்துக்கொள்வாயா? அதைக் கேட்டுக் கட்டையைக் கீழே விட்டால் பதில் வந்துவிடும். கைகள் விடவில்லை. இரண்டு சிறு மரத்துண்டுகள். கடையில் இருக்கும் எந்த மெத்தையைவிடவும் கனத்தன. அப்படியே மண்டியிட்டபடி, கட்டைகளைத் தொந்தியின் மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னால் ஒரு விக்கல் கேட்டது.

வாசலில் அம்பன் நின்றிருந்தாள். கையில் மடக்கிய குடை. அதை அவள் பிடித்திருந்த விதம் மழைக்காகக் கொண்டுவந்தது மாதிரி இல்லை. அவள் கண் கால்சட்டையில் தொடங்கி, பட்டைத் துணியில் ஏறி, அவர் முகத்துக்கு வந்தது. வாயைத் திறந்தாள். விக்கினாள். மூடினாள். விக்கினாள்.

"பொண்ணெல்லாம் ஒண்ணும் இல்ல அம்பன்" என்றார் அவர். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. மண்டியிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி, நேர்ந்துகொண்டது, பொத்தானும் துளையும், மழை, விக்கல், பயம். "வெளிய சொன்னா செல்லாதாமே, அதான் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். அதுவும் போச்சு."

அம்பனின் முகம் சிவந்தது. பிறகு கறுத்தது. விக்கல்கள் அடுக்கடுக்காக வந்தன. பலிபீடத்துக் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. அவள் விறுவிறுவென்று வந்து அவர் கையிலிருந்த கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டாள்.  சாமியிடம் சொன்னாள்.

"சாமி, ஆபரேஷனுக்கு உள்ள போறப்ப நானும் உனக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். இந்த மனுஷனைத் திட்டித் திட்டித்தான் என் இதயம் பழுதாச்சோன்னு பயந்துபோய், உசிரோட வெளிய வந்தா இனிமே ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் திட்டல. பன்னிக்கறி தின்னப்பவும் திட்டல, கட்டிப்பால் ஊத்தினப்பவும் திட்டல. எல்லாத்தையும் முழுங்கினேன். உனக்கே தெரியும். இப்ப அந்த வாக்கை எனக்குத் திருப்பிக் குடுத்துடு. பதிலுக்கு முழுசா ஒரு பன்னித் தலை வெக்கிறேன்."

கட்டைகளைப் போட்டாள். ஒன்று தட்டை. ஒன்று குமிழ்.

"சரிங்குது" என்றார் பே ஹொக். "மூணு தடவை போட்டுப் பாக்கணும்னு ஒரு முறை இருக்கு. ஆனா அதுவே அவசரப்படுற மாதிரி தெரியுது."

அம்பன் மூச்சை உள்ளே இழுத்தாள். பே ஹொக் நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஏய் குவாங்!" நாற்பது வருஷத்தில் அவள் அவரை 'கோ' இல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மனுஷனா நீ? என் உசிரைக் கொண்டுபோய் உன் இடுப்புப் பொத்தான்ல மாட்டி வெச்சிருக்கியே! பன்னித் தலை நேந்துக்கத் தெரியாதா? ஆரஞ்சுப் பழம் என்ன, அம்புட்டு விலையா விக்குது? பேண்ட்டாம் பேண்ட்டு! அதுவும் போனாப் போவுது, வாக்குக் குடுத்தவன் ஒழுங்கா நடந்தானா? நாலு தூறல் விழுந்ததும் படுத்துட்டே! மெத்தைத் துணியை வெச்சுச் சாமியவே ஏமாத்தப் பாக்கிறே! அது சிரிக்காம என்ன பண்ணும்?"

ரயிலடியில் அந்த நேரத்துக்கு வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு குடும்பம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள்.

கோ குவாங் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.  "நீ பேசாம இருந்தே" என்றார் மெதுவாக. "எனக்கு என்னமோ… விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அம்பன் அடுத்த வசவை விட்டுவிட்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்க வேண்டியதுதானே."

"நீ சொல்லியிருக்க வேண்டியதுதானே."

"வேண்டுதலை வெளிய சொல்லக்கூடாதே!"

"அதை யார் சொன்னது?" என்றார் பே ஹொக். "நான் இங்க இத்தனை காலமா இருக்கேன், அப்படி ஒண்ணு கேட்டதில்லயே?"

கோ குவாங் அம்பனைக் காட்டினார். "இவதான். கல்யாணமான புதுசுல சொன்னா."

"அது…" அம்பன் குடையைக் கை மாற்றிக்கொண்டாள். "அப்ப நீங்க ஊர் பூரா நம்ம வேண்டுதலை எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. வாயை மூட வெக்கிறதுக்காகச் சொன்னேன்." 'நீ' போய் 'நீங்க' திரும்பி வந்திருந்தது. பிறகு, தானும் அதே பயத்தில் தன் வாக்கை வெளியே சொல்லாமல் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது போல. "சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

கோ குவாங் கட்டைகளை எடுத்து, இன்னும் ஒரு வருஷம் அவகாசம் தருமா என்று சாமியைக் கேட்டார். முதல் தடவை இரண்டும் தட்டை. "சும்மா சிரிக்குது, மறுபடி போடு" என்றார் பே ஹொக். இரண்டாம் தடவை ஒன்று தட்டை, ஒன்று குமிழ்.

"பன்னித் தலையைப் படைச்சதுக்கப்புறம்…" என்று கோ குவாங் எழுந்துகொண்டே ஆரம்பித்தார், "பிரசாதம் வீட்டுக்குத்தானே…"

"அதுல ஒரு துண்டு உங்க வாய்க்குப் போகட்டும், நான் திரும்ப வந்து என் தலையையே நேந்துக்கிறேன். நடங்க."

"வீட்டுக்கா?"

"பூங்காவுக்கு."

"நாளையிலேர்ந்து ஆரம்பிக்கலாமே. பேண்ட்டாவது மாத்திட்டு…"

"இதோடயே நடங்க. ஊர் பாக்கட்டும். அப்பத்தான் நாளைக்கு வேற பேண்ட்டுல வரணும்னு தோணும்."

நடந்தார்கள். அவருடைய சாதாரணக் கால்சட்டை முரசுக்குப் பின்னாலேயே கிடந்தது. பெல்பாட்டம் தெருவைப் பெருக்கிக்கொண்டு வந்தது. சுய் கடை வாசலில் நின்று, கை கால் எங்கும் அடிபட்டிருக்கிறதா என்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். அம்பன் மெதுவாகத்தான் நடந்தாள். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அந்த மெதுநடைக்கும் கோ குவாங்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளங்கால் எரிந்தது. விலா பிடித்தது. களைப்பு எங்கேயும் போய்விடவில்லை, அதுவும் கூடவே இளைத்துக்கொண்டு வந்தது. ஆனால் அம்பன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அத்தனை மாதம் முழுங்கியதெல்லாம் வரிசை மாறாமல் வெளியே வந்தது. இந்த மாதத்துக் கொழுக்கட்டை, அந்த மாதத்துக் காபி என்று ஒவ்வொன்றாக. ஒரு விக்கல்கூட இல்லை.

குளத்தைச் சுற்றிப் பாதி வந்திருப்பார்கள். ஆமைகள் கரையேறிக்கொண்டிருந்தன.

"அப்புறம் அன்னிக்கு, டாக்டரைப் பாத்துட்டு வர்ற வழியில, நான் பஸ்ஸுல கண்ணை மூடியிருக்கேன்னு நினைச்சு…" என்று அம்பன் விரலை உயர்த்தியபோது ஒலிபெருக்கி கரகரத்தது. ஆறு மணி.

எல்லோரும் நின்றார்கள். ஓட்டக்காரர்கள் நின்றார்கள். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். அம்பன் உயர்த்திய விரலோடும் பாதி வாக்கியத்தோடும் நின்றாள். கோ குவாங் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. விலாப் பக்கத்து மெத்தைத் துணி ஏறி இறங்கியது. இத்தனை நாளும் அவருக்கு இந்த நிமிஷம் மட்டும்தான் பிடித்திருந்தது. இன்றைக்கு இது ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று நினைத்தார். பேருந்தில் தின்றதை இவள் எப்படிப் பார்த்தாள்? ஓரக்கண்ணால் அம்பனைப் பார்த்தார். அவளுடைய உதடுகள் அடுத்த வார்த்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

கீதம் முடிந்தது. ஓட்டக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து ஓடினார்கள்.

"…பையிலேர்ந்து எடுத்து என்னத்தைத் தின்னீங்க?" என்றாள் அம்பன்.

"கடலை" என்றார் கோ குவாங். வீட்டுப் பக்கம் திரும்பாமல், குளத்தின் மிச்சப் பாதியைப் பார்த்துக் காலை எடுத்து வைத்தார்.